பட்டறைக் கேள்வி பதில்: இறக்கிய கியர்பாக்ஸை எதில் கழுவுவது?

கேள்வி: எங்கள் வீட்டு மாருதி 800-க்கு கிளட்ச் போடுவதற்காக கியர்பாக்ஸை இறக்கி வைத்திருக்கிறோம். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து விரல் தடிமனுக்குக் கருப்பாக ஒட்டியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். வாட்டர் சர்வீஸில் கொடுத்து பிரஷரில் அடித்துவிடலாம் என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். கழுவுவதற்கு முன்னால் அந்த அழுக்கை நன்றாகப் பாருங்கள், செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைச் சொல்வது அந்த அழுக்குதான், கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். காய்ந்து கெட்டியாக இருக்கும் இடம் பழைய கசிவு. ஈரமாக மினுங்கும் இடம் இப்போது நடப்பது. டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நுழையும் துளையைச் சுற்றி ஈரம் என்றால் அந்தப் பக்கத்து ஆயில் சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் வளையம், போயிருக்கிறது. பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) உள்ளே, இன்புட் ஷாஃப்டின் (எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) அடியில் ஈரம் இருந்து, கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். கருப்பாக, அந்த வாடை இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்துப் பின் சீல். கிளட்சுக்காக ஒருமுறை இறக்கியாகிவிட்டது. சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். சீலின் விலையைவிட மறுபடி இறக்கி ஏற்றும் கூலி அதிகம்.

அடுத்தது, துளைகளை அடைப்பது. இதைச் செய்யாமல் பிரஷைத் தொடவே கூடாது. டிரைவ் ஷாஃப்ட் துளைகள் இரண்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம், மேலே காற்றுப் போக இருக்கும் பிரீதர், ஆயில் ஊற்றும் துளை எல்லாவற்றையும் மூட வேண்டும். துணி மட்டும் திணித்தால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே விடும். பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்து, மேலே டேப் ஒட்டுங்கள். எண்ணெய் மேல் டேப் நிற்காது, அந்த வட்டத்தை மட்டும் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் லைட் சுவிட்சைக் கழற்ற வேண்டாம், மூடினால் போதும். ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) கழற்றித் தனியே வையுங்கள். அதன் உள்ளே கிரீஸ் அடைத்து மூடியிருக்கும், டீசலில் ஊறினால் கிரீஸ் கரைந்து, கொஞ்ச நாளில் கத்த ஆரம்பிக்கும்.

பிரஷர் தண்ணீர் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். அந்த வேகத்தில் தண்ணீர் சீல் உதட்டைத் தாண்டிப் போகும், பிரீதர் வழியாகவும் போகும். உள்ளே போன தண்ணீர் எண்ணெயோடு கலந்து பால் போல ஆகும், பேரிங் துருப்பிடிக்கும். வண்டி ஓடும்போது வரும் சத்தத்துக்கு அப்புறம் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெட்ரோல் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அது பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் தீப்பிடிக்கிற ஆவியை விடும் பொருள். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி, பக்கத்து லேத் பட்டறையின் கிரைண்டர் பொறி வரை போகும். கையில் பிடிக்கும் பல்பு லைட் கீழே விழுந்து உடைந்தாலும் போதும். அதில் பென்சீனும் இருக்கிறது, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், புற்றுநோய் தருவது. டீசலும் மண்ணெண்ணெயும் பரவாயில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் கொஞ்சமாக உபயோகிக்கிறேன். ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு. இந்த இரண்டும் 35 டிகிரிக்குக் கீழே பற்றக்கூடாது என்பதுதான் நம் நாட்டுத் தர அளவு. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டுகிறது. வெயிலில் காய்ந்த இரும்பும் அலுமினியமும் அதைவிடச் சூடு. அதனால் காலையிலேயே, நிழலில், காற்றோட்டமான இடத்தில்தான். பீடியும் வெல்டிங்கும் பக்கத்தில் வேண்டாம்.

உண்மையில் திரவம் அதிகம் தேவைப்படாது. பழைய டயர் ஒன்றின் மேல் கியர்பாக்ஸை உட்கார வையுங்கள், ஆடாது. இன்புட் ஷாஃப்டின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் பட்டையால் காய்ந்த அழுக்கைச் சுரண்டுங்கள், பாதிக்கு மேல் அப்படியே பெயர்ந்து விழும். ஸ்க்ரூடிரைவர் கூடாது, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கேயே எண்ணெய் ஒழுகும். மிச்சத்துக்குக் கொஞ்சம் டீசலை பிரஷில் தொட்டுத் தேய்த்து, வேஸ்ட் துணியில் துடைத்து, அப்புறம் சோப் ஆயில் கலந்த தண்ணீரில் தேய்த்து, மக்கில் மெதுவாக ஊற்றுங்கள். கடைசியில் ஸ்ப்ளைனை (இன்புட் ஷாஃப்டில் கிளட்ச் பிளேட் கோக்கும் பல் வரிகள்) உலரத் துடைத்து, கிரீஸை மிக மெல்லிதாகத் தடவுங்கள். அதிகமானால் அது தெறித்து புது கிளட்ச் பிளேட்டை நாசமாக்கும்.

காஸ்டிக் சோடாவும் பாத்ரூம் ஆசிட்டும் அருகில் வரவே கூடாது. அலுமினியத்தோடு காஸ்டிக் சேர்ந்தால் உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும், அதுவும் தீப்பிடிப்பதே.

கேள்வி: பெல் ஹவுசிங்கில் இருக்கும் கிளட்ச் தூசியை ஏர் அடித்து எடுப்பது வழக்கம். தவறா?
– பயிற்சி மெக்கானிக், குடியாத்தம்

பதில்: தவறு, தம்பி. பழைய கிளட்ச் பிளேட்டின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏர் அடித்தால் அந்தத் தூசி உங்கள் நுரையீரலுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் போகும். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் அடித்து நனைத்து, ஈரத் துணியில் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். துவைத்து மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

கேள்வி: கழுவின டீசலை வாசலில் இருக்கும் சாக்கடையில் ஊற்றலாமா? எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.
– ஒர்க்‌ஷாப் உரிமையாளர், ஆம்பூர்

பதில்: ஆம்பூர்க்காரர் இதைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். உங்கள் சாக்கடை போய்ச் சேருமிடம் பாலாறு. அந்த ஆற்றுக்காகத்தான் வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலையைக் குறை சொல்லிவிட்டு நாம் சாக்கடையில் டீசல் ஊற்றினால் அந்த வழக்குக்கு நாம் துரோகம் செய்கிறோம்.

கழுவின டீசலை மூடியுள்ள தகர டப்பாவில் ஓரிரு நாள் விடுங்கள், மண் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த கியர்பாக்ஸுக்கு முதல் தேய்ப்பாக வைத்துக்கொள்ளலாம். அடியில் உள்ளதையும் வடித்த கியர் ஆயிலையும் தனித்தனிக் கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற பழைய ஆயில் மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் பழைய ஆயிலுக்கும் பொருந்தும். ஆயிலில் சோப்புத் தண்ணீர் கலந்துவிட்டால் எடுக்கமாட்டார்கள், அதனால் தேய்க்கும்போதே டீசல் பாத்திரம் வேறு, தண்ணீர் பாத்திரம் வேறு என்று வையுங்கள்.