அட்டையைத் திருப்பிக் காட்டினால் குற்றமா?

கேள்வி: என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். வடிவங்கள் மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. முக்கோணத்தைச் சாய்த்து வரைந்தால் 'இது முக்கோணம் இல்லை' என்கிறான். சதுரத்தை முனையில் நிறுத்தினால் 'டைமண்ட்' என்கிறான். தினமும் ஃப்ளாஷ் கார்டு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். தறி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் மாமனார் வேறு, கார்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டிக் குழப்புகிறார். அதனால் இப்போது பையனை மாடிக்குக் கூட்டிப்போய்விடுகிறேன். அவனுக்கு ஏதாவது குறை இருக்குமோ?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பையனை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மாடி விஷயம். உங்கள் வீட்டில் வடிவத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர்தான். அவரைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். முக்கோணம் என்றால் மூன்று பக்கமும் சமமாக, அடிப்பக்கம் கீழே, கூர் மேலே. சுவரில் மாட்டும் சார்ட்டிலும் அதேதான். அந்த ஒரு படத்துக்குத்தான் முக்கோணம் என்று பெயர் என அவன் நினைத்திருக்கிறான். இந்த வயதுக் குழந்தை பக்கத்தை எண்ணாது, மொத்தத் தோற்றத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். நெதர்லாந்தில் கணக்கு ஆசிரியர்களாக இருந்த வான் ஹீலே தம்பதி 1957-லேயே இதை முதல் படி என்று எழுதினார்கள். பக்கம், மூலை என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. வயது ஏறினால் மட்டும் அது வந்துவிடாது, சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் வரும் என்றும் சொன்னார்கள். கார்டைத் திருப்பியபோது உங்கள் மாமனார் செய்தது அதைத்தான். நீங்கள் அதற்குக் குழப்பம் என்று பெயர் வைத்தீர்கள்! பெரியவர் கீழே சும்மா உட்கார்ந்திருக்க, பேரன் மாடியில் கார்டைப் பார்த்து ஒப்பிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒல்லியாக, நீளமாக, கோணல்மாணலாக முக்கோணங்கள் வெட்டுங்கள். ஒரு பக்கம் வளைந்ததாகவும் ஒன்றைச் சேருங்கள். அவன் விரலால் ஓரத்தைத் தடவி, 'மூணு பக்கம் இருக்கா? எல்லாம் நேரா இருக்கா?' என்று பார்க்கட்டும். சதுரத்தை அவன் கண் முன்னாலேயே மெதுவாக முனைக்குத் திருப்புங்கள். அப்போதும் 'டைமண்ட்' என்றால் அதட்டாதீர்கள், மறுபடி திருப்புங்கள். வீட்டில் கோபுரக் கரைப் புடவை இருந்தால் இன்னும் நல்லது. தாத்தா அதை மேலும் கீழுமாகப் பிடித்து, 'முக்கோணம் எங்கே?' என்று கேட்கட்டும். சதுரமும் ஒருவகைச் செவ்வகம்தான் என்ற பாடத்தை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். அதற்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன.

இன்று சாயங்காலமே கார்டுகளை மாமனார் கையில் கொடுத்து, 'மாமா, நீங்களே சொல்லிக்குடுங்க' என்று கேளுங்கள். கணவரைத் தூது அனுப்பாதீர்கள்.