பாப்பாவுக்கு நுரையீரல் ஆராய்ச்சியாம்: கோவில்பட்டி அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் பட்டதெல்லாம் நீட் மதிப்பெண், அரசுக் கல்லூரிக்கு எட்டாத கட்-ஆஃப், வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 35 லட்சம் கேட்கும் ஏஜென்ட். இரண்டாம் முறை படிக்கும்போதுதான், கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த வரி பிடிபட்டது: "ராத்திரி மளிகைக் கடைக் கணக்கைப் பாப்பாதான் முடிக்கும், அஞ்சு ரூபாய் உதைச்சாலும் விடாது." அதை மட்டும் தனித்தாளில் எழுதி மேசை மேல் வைத்திருக்கிறேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருகிறவர்கள் இங்கே பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். சமீப ஆண்டுகளில் தேறாதவர்கள்தான் பெரும்பான்மை. டாக்டர்தான் ஆவேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருந்தால் அதையும் தாண்டி யோசிக்கலாம். அவள் கேட்பதோ காசநோய், நிமோனியா மாதிரியான நுரையீரல் தொற்றுகளில் ஆராய்ச்சி. அதற்கு 35 லட்சம் வேண்டாம். தோட்டத்தை விற்கும் பேச்சை இதோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டவை இரண்டு. "அதில் சோறு கிடைக்குமா?" என்பது ஒன்று. "அந்த நோய் அவளுக்கே ஒட்டிக்கொண்டால்?" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிகிறது. உங்கள் அப்பாவுக்குக் காசநோய் வந்தபோது தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி, தொழுவத்தை ஒட்டிய அறையில் படுக்கவைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டு, டம்ளரால் அது பரவுவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் கிருமியால்தான் பரவுகிறது. ஆனால் அன்றைக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பயப்படும் இதே கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னைதான். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை மின்சார ரயிலில் கடந்திருப்பீர்கள். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, இதுதான் அந்தக் காலத்து வைத்தியம். பிறகு மாத்திரைகள் வந்தன. நோயாளிகளோ லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் சொற்பம். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா, வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தொற்றாதா என்று பார்க்க 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கினார்கள். சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை. 193 நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் கிடையாது. ஆனாலும் ஒரு வருட முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாயின. குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, சானடோரியத்துக்கு ஆளை அனுப்பிவிட்ட வீட்டாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மாத்திரை தொடங்கியதும் பரவும் வேகம் விழுந்துவிடுகிறது. 1959-இல் இந்த முடிவு வெளியானது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆபத்தே இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். சளி மாதிரிகளைக் கையாளும் ஆய்வகத்தில் வேலை பார்த்தால் மற்றவர்களைவிட அபாயம் கொஞ்சம் கூடுதல்தான். அதற்காகத்தான் காற்று வெளியே கசியாத அறைகள், என்-95 முகக்கவசம், அவ்வப்போது பரிசோதனை எல்லாம். கிருமி உள்ளே போனாலும் வாழ்நாளில் நோயாக மாறுவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். அதையும் தடுக்க, வாரம் ஒரு தடவை என்று 12 வாரம் சாப்பிடும் மாத்திரைகள் இருக்கின்றன. இவ்வளவும் கிருமியோடு நேராகப் பழகுகிறவர்களுக்குச் சொல்வது. உங்கள் மகள் அங்கேதான் உட்கார வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டு, நுண்ணோக்கி என்று ஒரு படம் நம் மனதில் வருகிறது. சென்னை ஆய்வில் வாலஸ் ஃபாக்ஸ் பெயர் நிலைத்தது சரிதான். ஆனால் அந்த முடிவை நம்பவைத்தது வேறு ஆட்களின் வேலை. முன்னறிவிப்பு இல்லாமல் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். "சாப்பிட்டேன்" என்று நோயாளி சொன்னதை அப்படியே பேரேட்டில் ஏற்றியிருந்தால் அந்த ஆய்வுக்கு மதிப்பே இருந்திருக்காது.

ஆய்வகத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், பாப்பாவுக்கு அதில்தான் ஆசை என்று எழுதியிருப்பதால். காசநோய்க் கிருமியை வளர்க்கும் ஊடகத்தை, அதாவது கிருமி தின்று வளரும் சத்துப் பொருளை, செய்வது ஏறக்குறைய சமையல் மாதிரி. கோழி முட்டையை உடைத்து அடித்து, மாலகைட் பச்சைச் சாயம் கலந்து, புட்டியைச் சாய்த்துவைத்துச் சூடேற்றுவார்கள். சீம்பால் உறைவது போல வெளிர்பச்சையாக உறைந்துவிடும். அதில் சளியைத் தடவிவிட்டால் மூன்று முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். ரொட்டித் தூள் உதிர்ந்தது போலக் கிருமி முளைக்கும். வாரா வாரம் எடுத்துப் பார்த்து எழுத வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் முதல் மாதமே ஓடிவிடுவார்கள். இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி இருக்கிறது. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. கோவா நிறுவனம் ஒன்று செய்த ட்ரூநாட் என்ற இதே மாதிரியான கருவி, பேட்டரியில் ஓடுவதால் சின்ன ஊர்களுக்கும் போகிறது. கருவி வந்துவிட்டதால் ஆய்வகத்தில் ஆள் தேவையில்லை என்று ஆகவில்லை. வேலையின் முகம் மாறியிருக்கிறது. இந்த வழியில் போக பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் அல்லது உயிர்வேதியியல் படித்து, கட்டாயம் எம்.எஸ்ஸி. முடிக்க வேண்டும். வெறும் பி.எஸ்ஸி.யோடு நின்றால் சம்பளம் உங்கள் கடைப் பையன் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்காது. இன்னொன்று, பெயர் நீளமாக, பளபளப்பாக இருக்கும் புதுப் பட்டப்படிப்புகளைக் கண்டு மயங்காதீர்கள். சாதாரணப் பெயருள்ள பாடத்தை நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் படிப்பது மேல்.

நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால் சுவாச சிகிச்சைப் படிப்பு இருக்கிறது. பயிற்சிக் காலத்தோடு நான்கு வருடம். வென்டிலேட்டர், ஆக்ஸிஜன் எல்லாம் இவர்கள் கையில். கோவிட் காலத்துக்குப் பிறகு கிராக்கி கூடியிருக்கிறது, வேலையும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இரவு ஷிஃப்ட் நிச்சயம்; ஆராய்ச்சி குறைவு.

சரி, மேசை மேல் இருக்கும் தாளுக்கு வருகிறேன்.

ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னால் மளிகைக் கடைக்காரரான உங்களுக்கு உடனே புரியும். நான்கு மாவட்டங்கள், 2,800 காசநோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாதாமாதம் 10 கிலோ உணவுப் பொருள் போனது. வீட்டில் இருந்த மற்றவர்களை இரண்டு தரப்பாகப் பிரித்து, ஒரு தரப்புக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். தடுப்பூசி கிடையாது, புது மருந்து கிடையாது. அரிசியும் பருப்பும் போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவும் வகை நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 2023 ஆகஸ்டில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பட்டினிக்கும் சயரோகத்துக்கும் உறவு உண்டு என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். அது எத்தனை சதவீதம் என்று நிரூபிப்பதுதான் ஆராய்ச்சி. கோவிட் ஊரடங்கும் குறுக்கே வந்த அந்தக் காலத்தில், பத்தாயிரம் பேரில் யாருக்கு என்ன போனது, யார் எடை எவ்வளவு ஏறியது, யார் வீடு மாறிப் போனார் என்று கணக்கு உதைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டமே வேண்டும். அந்தக் கூட்டத்தின் படிப்புக்குப் பெயர் உயிரிப்புள்ளியியல் (நோய், மருந்து பற்றிய கணக்கு), தொற்றுநோயியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்ற ஆராய்ச்சி). அஞ்சு ரூபாய் உதைத்தாலும் விடாத உங்கள் பாப்பாவுக்கு ஏற்ற இடம் அது.

நம் ஊரிலும் பாருங்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பிலாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானதும் நர்ஸ் ஒருவர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்ஸிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவை மோசமாக இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுகிறார்கள். பார்க்க எளிமையான பட்டியல்தான். ஆனால் நூறு அறிகுறிகளில் இவற்றைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்று சொல்வதற்குப் பின்னால், ஏற்கெனவே இறந்துபோனவர்களின் ஏடுகளை உட்கார்ந்து அலசியவர்கள் இருக்கிறார்கள். இதை வடிவமைத்ததில் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு.

மருந்துகளிலும் இதே கதைதான். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு வருட சிகிச்சை. கூடவே காதைச் செவிடாக்கக்கூடிய ஊசி. இப்போது நான்கு மருந்துகள் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்து, இந்திய அரசும் 2024-இல் ஏற்றுக்கொண்டது. புது மருந்தால் குணமானவர்கள் உண்மையிலேயே மருந்தால்தான் குணமானார்களா என்று கடைசியில் தீர்ப்புச் சொல்வது கணக்குப் போடுகிறவர்தான்.

ஆகவே என் யோசனை இது. அவள் பிளஸ் டூவில் உயிரியல்-கணிதம் படித்தவள், பி.எஸ்ஸி. புள்ளியியலுக்குத் தடை இல்லை. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி மூன்றிலும் இருக்கிறது. பிறகு வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்ஸி. உயிரிப்புள்ளியியல் அல்லது தொற்றுநோயியல். அதன் பிறகு பிஎச்.டி. வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாம். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருடப் படிப்புக்கும் நுழைவுத் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். கிடைத்தால் திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம்தான்.

சோற்றுக் கேள்விக்கு வருவோம். தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறி ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. படித்துக்கொண்டே வாங்கும் பணம் இது. சிரமமும் உண்டு: ஆராய்ச்சி நிறுவனங்களில் பல வேலைகள் திட்ட அடிப்படையிலான ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அந்த நிச்சயமின்மையை நினைத்துத்தான் நான் நுண்ணுயிரியலைவிடப் புள்ளியியலை முன்னே வைக்கிறேன். ஆராய்ச்சி கசந்தால் மருந்து நிறுவனங்களின் பரிசோதனைப் பிரிவு இருக்கிறது. யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும், டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படும் புள்ளியியல் பணிகளும் இருக்கின்றன. வீட்டில் அம்மா கேட்கும் "நிரந்தர வேலை" இந்தப் பக்கத்தில்தான் அதிகம். கல்யாணம் தள்ளிப்போகுமே என்ற அவர்கள் கவலைக்கு என்னிடம் பதில் இல்லை, எம்.எஸ்ஸி. முடிக்கும்போது அவளுக்கு 22 அல்லது 23 வயது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

ஆனால் இதுவரை பேசியது நீங்களும் நானும்தான். ஆய்வகம்தான் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டு அந்த வழியையே விரிவாக எழுதுகிறேன். விண்ணப்பிக்கும்போது இரண்டு பாடங்களுக்கும் போட்டுவையுங்கள். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அதில் ஒரு கேள்விக்கும் பதில் வேண்டும்: பத்தாயிரம் பேர் கொண்ட ஏட்டில் ஒரே தெருவில் இரண்டு மாரியம்மாள், இருவருக்கும் வயது 40. ஒருவருக்குப் போன பருப்பு இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கிறதோ என்று சந்தேகம். அவள் அதை எப்படிக் கண்டுபிடிப்பாள்?