"வயது 9" என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள்!

கேள்வி: போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு முனையில் ஒரு பெண் லாப்ரடார் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் பட்டை கட்டியிருந்த தடம் தெரிந்தது, பட்டை இல்லை. அக்கம்பக்கம் விசாரித்தும் யாரும் தேடி வரவில்லை. டாக்டர் 9 வயது இருக்கும், நிறைய குட்டி போட்ட உடம்பு என்றார். நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை என்று வைத்துக்கொண்டோம், மகள் பொன்னி என்று பெயர் வைத்துவிட்டாள். வருகிற மே மாதம் கணவருக்குப் புனேக்கு மாற்றல். விளம்பரம் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் வயதைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள். "6 என்று சொல், யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறாள் தோழி. செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். மாமியார் காப்பகத்தில் விடச் சொல்கிறார். மகள் அழுகிறாள். நம்பி வந்த ஜீவனை இரண்டாவது முறையாகக் கைவிடுகிறோமோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை.
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முதல் வேலையாக அந்தத் தோட்டக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாயைப் பார்க்காமல், வயதைக் கேட்காமல், உடம்புக்கு என்ன என்று விசாரிக்காமல் "உடனே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறவர் காவலுக்கு ஆள் தேடுகிறார், அவ்வளவுதான். நாய்களை மீட்டு வீடு பிடித்துக் கொடுக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், ஃபார்ம் ஹவுஸ் என்று காதில் விழுந்ததுமே முகம் மாறிவிடும். பரந்த இடம், காற்றோட்டம், ஓடி விளையாடும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அங்கே பெரும்பாலும் இருப்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சங்கிலி, வாட்ச்மேன் வைக்கிற மிச்சச் சோறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகிற முதலாளி. உண்ணிக் காய்ச்சல் வந்து சுருண்டு படுத்தால்கூட நாலு நாள் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள். அதுவும் லாப்ரடாரைக் காவலுக்கு வைப்பதெல்லாம் வேடிக்கை, திருடனுக்கும் வாலாட்டுகிற ஜாதி அது.

அடுத்து உங்கள் தோழியின் யோசனை. 6 என்று சொன்னால் ஆள் கிடைப்பார், சந்தேகமே வேண்டாம். வாங்கிப் போனவர் தடுப்பூசிக்கென்று டாக்டரிடம் போவார், டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், அத்தோடு கதை முடிந்தது. கோபத்தில் உங்களிடமே திருப்பிக் கொண்டுவந்து விட்டால் அவர் நல்ல மனிதர். வேறு ஏதோ தெருவில் இறக்கிவிட்டுப் போனால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. பொன்னியைக் கடைசிவரை வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும் உங்களுக்கு, அப்படிப்பட்டவர் வயதைக் கேட்டு ஓட மாட்டார். போனை வைத்துவிடுகிறவர்களை நினைத்து வருத்தப்படுகிறீர்கள், எனக்கென்னவோ அந்த 9 உங்களுக்காகச் சல்லடை பிடித்துச் சலித்துக் கொடுக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

9 என்பதும் உத்தேசக் கணக்குதான். பல் தேய்மானம், பல்லில் படிந்த காரை, கண், முகத்து நரை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள், ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கும். "8 முதல் 10" என்று போடுங்கள். லாப்ரடார் பொதுவாக 10 முதல் 12 வருஷம் இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் சிலது 13, 14 கூடத் தொடும். ஆக நீங்கள் ஒருவரிடம் கேட்பது இரண்டு மூன்று வருஷம், கூடினால் நாலைந்து. அதை வெளிப்படையாகவே சொல்லுங்கள். குட்டியை எடுக்கிறவர் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார், அவர்களில் எத்தனை பேர் அதை யோசிக்கிறார்கள்?

ஆனால் வெளியில் உண்மையைச் சொல்வதற்கு முன்னால் நீங்களே சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கடியில் அடையாள எண்ணோடு வைக்கிற மைக்ரோசிப் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஸ்கேன் செய்து பார்த்தீர்களா? இல்லையென்றால் அதை முதலில் செய்யுங்கள், ஒருவேளை தொலைத்துவிட்டுத் தவிக்கிற வீடு எங்கோ இருக்கலாம். நீங்கள் சொல்கிற உடம்பைப் பார்த்தால், குட்டி விற்கிற யாரோ வருஷக்கணக்காக ஈனவைத்துவிட்டு, இனி லாபமில்லை என்றானதும் இறக்கிவிட்டுப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் கர்ப்பப்பை நீக்கும் ஆபரேஷன் ஆகியிருக்காது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் கவலை. ஆபரேஷன் ஆகாத வயதான பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். பெரும்பாலும் ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்து போன ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். தண்ணீராகக் குடித்துத் தள்ளும், சாப்பாட்டைத் தொடாது, வாந்தி எடுக்கும், பின்பக்கம் நாற்றத்தோடு ஒழுகும். சில நாய்க்கு ஒழுகாமல் உள்ளேயே தேங்கிவிடும், அது இன்னும் மோசம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் உயிர் போய்விடும். ரத்தப் பரிசோதனை செய்து, இதயமும் சிறுநீரகமும் தாங்கும் என்று டாக்டர் சொன்னால் கொடுப்பதற்கு முன்பே ஆபரேஷனை முடித்துவிடுங்கள். இந்த வயதில் மயக்க மருந்தா என்று பயமாக இருக்கும், நியாயம்தான், ஆனால் சீழ் பிடித்த பிறகு ராத்திரியில் அவசரமாகக் கொடுக்கிற மயக்க மருந்து இதைவிடப் பல மடங்கு ஆபத்து. செலவுக்கு யோசித்தால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, தனியார் கிளினிக்கைவிடக் குறைவாகத்தான் ஆகும், காலையிலேயே போய்விடுங்கள். மடிக்காம்புப் பக்கம் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு. வயதைக் கேட்காமல் "ஆபரேஷன் பண்ணியாச்சா, பேப்பர் இருக்கா" என்று மட்டும் கேட்கிற, குட்டி ஈனவைத்து விற்கப் பார்க்கிறவர்களின் போன்கள் தானாக நின்றுவிடும்.

காலை எழுந்திருக்கும்போது பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தால் மூட்டுவலியாக இருக்கலாம். தயவுசெய்து வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்கிற இபுப்ரொஃபென் நாய்க்கு விஷம், பாரசிட்டமாலும் கல்லீரலைக் கெடுத்துவிடும். டைல்ஸ் தரையில் அது நடக்கிற வழி முழுக்க வழுக்காத விரிப்பு போடுங்கள், நகத்தை வெட்டுங்கள், உடம்பு எடையைக் குறைத்துவிடுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் போட்டாலே லாப்ரடார் பெருத்துவிடும், மாமியாரிடமும் சொல்லிவையுங்கள். கண்ணில் நீலம் பூத்த மாதிரி இருந்தால் போட்டோ பார்க்கிறவர்கள் குருடா என்று கேட்பார்கள். வயதானால் கண் வில்லை இறுகி அப்படித் தெரியும், பெரும்பாலும் பார்வைக்குப் பெரிய குறை இருக்காது. புரைதானா என்று டாக்டரிடம் ஒரு தடவை உறுதி செய்துகொண்டு அதையும் விளம்பரத்தில் எழுதிவிடுங்கள்.

விளம்பரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பாவம், வாயில்லா ஜீவன், யாராவது காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் லைக் வரும், இதய பொம்மை வரும், வீடு வராது. நாயோடு ஒரு நாள் எப்படிப் போகும் என்று எழுதுங்கள். இந்த மாதிரி: "பொன்னி, பெண் லாப்ரடார், 8 முதல் 10 வயது, ஆபரேஷனும் தடுப்பூசியும் ஆகிவிட்டது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது, செருப்பைக் கடிக்காது. காலையும் மாலையும் மெதுவாக ஒரு சுற்று நடந்தால் போதும், மற்ற நேரம் தூக்கம்தான். குழந்தைகளோடு பழகும், பூனையைக் கண்டால் துரத்தும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மூட்டுவலிக்கு மருந்து உண்டு, மாதம் இவ்வளவு செலவாகிறது. மாடி ஏறாது." உங்கள் பொன்னிக்கு எது உண்மையோ அதைப் போடுங்கள், நல்லது கெட்டது இரண்டும். மழையில் நனைந்த பழைய போட்டோவை எடுத்துவிட்டு, சோபா பக்கத்தில் மல்லாந்து தூங்குகிற போட்டோவைப் போடுங்கள்.

யாரைத் தேட வேண்டும் என்பதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். இளம் தம்பதிகளும் சின்னக் குழந்தை இருக்கிறவர்களும் குட்டிதான் கேட்பார்கள், அவர்கள் பின்னால் போக வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நாய் வளர்க்க ஆசையிருந்தும் "எனக்கப்புறம் இதை யார் பார்ப்பார்கள்" என்று குட்டி வாங்கத் தயங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பொன்னி அவர்களுக்கென்றே அளவெடுத்தது. தரைத்தளமோ லிஃப்டோ இருக்க வேண்டும், 30 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற 65 வயதுக்காரரால் முடியாது. இன்னொரு கூட்டம், வளர்த்த நாய் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆன வீடு. மருந்து கொடுக்கவும், ராத்திரி எழுந்து வெளியே கூட்டிப்போகவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படிப்பட்ட வீடு எது என்று உங்கள் கால்நடை டாக்டருக்குத் தெரியும், அவரிடம் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். காலையில் ஏரிக்கரையில் நாயோடு நடக்கிறவர்களிடமும்.

யாராவது சரி என்றால் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அப்போது இருக்கட்டும். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் கொடுக்காதீர்கள். நான் கேட்கச் சொல்கிற ஒரே கேள்வி: "இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று?" கடைசிக் காலத்தைப் பற்றிக் கண் கலங்கப் பேசினால் சந்தோஷம். "ஊருக்குக் கொடுத்துவிட்டோம்", "எங்கேயோ ஓடிப்போய்விட்டது" என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். சொந்த ஃப்ளாட்டில் அசோசியேஷன் நாய் கூடாது என்று சொன்னால் அது செல்லாது, விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, இருந்தாலும் தினம் லிஃப்டில் சண்டை போடுகிற சூழலில் பொன்னி போக வேண்டுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் சோதனைக் காலம் என்று பேசிக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையானாலும், பிற்பாடு எப்போது வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் உங்களிடம்தான் திரும்ப வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கழுத்துப் பட்டையில் இரண்டு வீட்டு போன் நம்பரும் இருக்கட்டும். புது வீட்டிலிருந்து நாய் ஓடிப்போவது முதல் சில நாளில்தான், உங்கள் வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும், அதனால் கேட் எப்போதும் சாத்தியிருக்க வேண்டும், கயிறில்லாமல் வாசலுக்குக்கூட விடக் கூடாது. மீட்பு வேலை செய்கிறவர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 நாள் மிரண்டு ஒடுங்கிக் கிடக்கும், 3 வாரத்தில் வீட்டு நடைமுறை புரியும், 3 மாதத்தில் அது தன் வீடு என்றாகிவிடும். முதல் நாள் சாப்பிடவில்லை என்று அவர்கள் கூப்பிட்டால் பதறிப்போய் ஓடாதீர்கள். சிப், மாநகராட்சி உரிமம் உங்கள் பேரில் எடுத்திருந்தால் மறக்காமல் அவர்கள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். ஆனால் காப்பகங்கள் எல்லாம் அடிபட்டதும் நோயில் விழுந்ததுமான தெரு நாய்களால் நிரம்பி வழிகின்றன. சோபா பக்கத்தில் தூங்கிப் பழகிய வயதான நாய் அந்தக் குரைப்புச் சத்தத்தில் சாப்பாட்டை விட்டுவிடும். வீடு இருக்கிற நாயைக் கொண்டுபோய் அங்கே இன்னொரு கூண்டை அடைப்பதும் சரியில்லை.

கைவிடுகிறோமோ என்று கேட்டீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியை விட்டுவிட்டுப் போவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம், அதைச் செய்தவர் வேறு யாரோ. நீங்கள் வீடு தேடுகிறீர்கள், அது வேறு. அப்புறம் அந்த மே மாதம். அது உங்கள் கணவர் ஆபீஸ் வைத்த தேதி, அதற்காகப் பொன்னியை ஏதோ ஒரு வீட்டில் தள்ள வேண்டாம். ஏப்ரல் வரை தேடுங்கள். சரியான ஆள் அமையாவிட்டால் புனேக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கிருந்து தேடுங்கள். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூபேயையோ நாலு படுக்கை உள்ள கேபினையோ முழுதாக எடுத்தால் நாய் உங்களோடேயே வரலாம், தடுப்பூசி அட்டையும் டாக்டரின் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் கூண்டில் அடைத்தும் அனுப்ப முடியும், இந்த வயதில், மே மாத வெயிலில், அதை நினைக்கவே வேண்டாம். புனேயில் வீடு பார்க்கும்போதே நாய் இருக்கிறது என்று புரோக்கரிடம் சொல்லிவிடுங்கள்.

மகளிடம் இப்போதே பேசுங்கள், பெட்டி கட்டுகிற நாளில் வேண்டாம். வீடு பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துப் போங்கள், அவளுக்குப் பிடிக்காத வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். பொன்னிக்கு எந்த நேரத்தில் என்ன சாப்பாடு, மாத்திரையை எதில் ஒளித்துக் கொடுத்தால் முழுங்கும், எங்கே சொறிந்தால் பிடிக்கும், இதெல்லாம் உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறவர்களுக்கு உங்கள் விளம்பரத்தைவிட அதுதான் உதவும்.