ஊஞ்சல் ஆட்டினால் பட்டன் போட வருமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடந்தான். இப்போதும் அடிக்கடி தடுக்கி விழுகிறான். படி இறங்கப் பயம். சட்டைப் பட்டன் போட வரவில்லை, பேச்சும் தாமதம். டாக்டர் சொல்லி ஆக்குபேஷனல் தெரபிக்கு (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) நான்கு மாதமாக அழைத்துப் போகிறேன். அங்கே ஊஞ்சலில் ஆட்டுகிறார்கள், பெரிய பந்தில் உருட்டுகிறார்கள். "இதைத்தான் வீட்டிலேயே செய்யலாமே, இதுக்கு எதுக்குப் பணம்?" என்கிறார் மாமியார். தொடரலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: தொடரலாம். ஆனால் உங்கள் மாமியாரின் கேள்வியை அப்படியே தெரபிஸ்டிடம் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அதற்கு முன் ஒரு விஷயம். நடக்கத் தாமதம், அடிக்கடி விழுவது, படியில் சிரமம், பேச்சும் தாமதம். ஆண் குழந்தையிடம் இவை சேர்ந்து இருந்தால் தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்றுதான் நான் முதலில் கேட்பேன். தரையில் உட்கார்ந்திருப்பவன் எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறானா, கெண்டைக்கால் வழக்கத்தைவிடப் பருத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை தசைகள் மெல்ல மெல்லப் பலமிழக்கும் தசைச்சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நோய் அரிதானது. குறைமாதத்தில் பிறந்த உங்கள் மகனின் தாமதத்துக்கு வேறு காரணமே இருக்கலாம். ஆனாலும் அந்த நோய் இருக்கும் குழந்தையைக் குதிக்க வைத்தால் தசைக்குக் கெடுதல் என்பதால், முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அப்படியே கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மாறுகண்ணும் பார்வைக் குறைபாடும் சற்று அதிகம். படியின் விளிம்பு சரியாகத் தெரியாதவன் இறங்கப் பயப்படத்தான் செய்வான்.

சரி, ஊஞ்சலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960, 70களில் வளர்த்தெடுத்த 'சென்சரி இன்டக்ரேஷன்' (புலன் ஒருங்கிணைப்பு) என்ற முறை இது. நம் சமநிலையை உள்காது சொல்கிறது. கை கால் எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. இந்தத் தகவல்களை மூளை சரியாகச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் உடம்பு தடுமாறும், அசைவின் மூலமே அதைப் பழக்கலாம் என்பது அவருடைய கருத்து.

அடுத்த முறை அறைக்குள் கவனித்துப் பாருங்கள். பலகை ஊஞ்சலில் பையன் குப்புறப் படுத்திருப்பான். தரையில் கிடக்கும் வளையத்தை ஒரு கையால் எடுத்து எதிரே உள்ள குச்சியில் மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் கழுத்து நிமிர்கிறது, முதுகு இறுகுகிறது, ஊன்றிய கையின் தோள் பாரம் தாங்குகிறது, கண் குறி பார்க்கிறது. வீட்டுத் தூளியில் சும்மா கிடந்து ஆடும்போது இதில் ஒன்றுமே நடக்காது. தெரபிஸ்டும் வெறுமனே ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், மாமியார் சொல்வதுதான் சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த முறைக்கான ஆதாரம் விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்கு வலுவானது இல்லை. ஆதாரம் குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-லேயே எழுதியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பிரிட்டனில் நடத்தி 2022-ல் வெளிவந்த ஆய்விலும், வழக்கமான சிகிச்சையைவிட இதனால் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் எந்த வேலை வரவில்லையோ அதையே சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்கும் முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு. தோள் பலப்படுவது நல்லதுதான், அதனால் மட்டும் விரலுக்குப் பட்டன் வந்துவிடாது. பட்டன் போட்டுத்தான் பழக வேண்டும்.

அதனால் தெரபிஸ்டிடம் இரண்டு இலக்குகளை எழுதி வாங்குங்கள். "ஒருங்கிணைப்பு மேம்படும்" மாதிரியான பேச்செல்லாம் வேண்டாம். "மூன்று மாதத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து படி தனியாக இறங்குவான்" என்று இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் ஒரு அசைவும் இல்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் அப்பாவின் பழைய சட்டையை எடுங்கள். பெரிய பட்டனாக மாற்றித் தைத்து, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மேஜைமேல் விரித்து வையுங்கள். முக்கால்வாசி வேலையை நீங்கள் செய்துவிட்டு, பாதி வெளியே வந்த பட்டனை இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படி. அவன் போட்டிருக்கும் சட்டையில் பழக்குவது கடைசியில்தான். மாடிப்படி இறங்குவதற்கும் இதே கதைதான்: முதலில் ஒரே ஒரு தாழ்ந்த படி, கைப்பிடியோடு. தினமும் பத்து நிமிடம் போதும். அப்புறம் பாதி வாளித் தண்ணீர் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பந்து எடுப்பது இதெல்லாம் அவனுக்கு விளையாட்டு.

அழும் குழந்தையை ஊஞ்சலில் பிடித்து வைக்கக் கூடாது. ஆடும்போது முகம் வெளிறினால், வியர்த்தால், குமட்டினால் உடனே நிறுத்த வேண்டும். வலிப்பு வந்திருந்தால் தெரபிஸ்டுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மகனுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்றவர்களுக்காக: டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு தளர்வாக இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணமும் டிராம்போலினும் வேண்டாம்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தை விசாரியுங்கள். அங்கே கட்டணம் இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எந்தக் கிழமைகளில் வருகிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பேச்சுப் பயிற்சியையும் அங்கேயே கேட்கலாம்.