டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் ரெண்டு தடவ மாத்தியும் ஒழுகுது, மூணாவது தடவையும் சீல்தான் மாத்தணுமா?

கேட்டவர் எழுதியிருக்கறது இவ்ளோதான்: பழைய கிராஸ்ஓவர் வண்டி, முன் வீல் பக்கம் தரைல ஆயில் சொட்டுது, மெக்கானிக் டிரைவ் ஷாஃப்ட் (கியர் பாக்ஸ்லருந்து போயி வீல சுத்த வெக்கற தண்டு) சீல் (ஆயில் வெளிய வராம அந்தத் தண்ட சுத்தி இருக்கற ரப்பர் வளையம்) போச்சுன்னு ரெண்டு வாட்டி மாத்திட்டாரு, இப்ப மூணாவது வாட்டியும் மாத்தணுங்கறாரு, குடுக்கலாமா? குடுக்காதீங்க அண்ணே. இந்தப் பதில படிச்சு முடிக்கற வரைக்குமாச்சும் குடுக்காதீங்க.

நீங்க எந்த ஊருன்னு தெரியல. செகண்ட் ஹேண்ட் வண்டின்னு நானே வெச்சுக்கறேன், புது வண்டி வெச்சிருக்கறவரு வாரண்டில விட்டுட்டு நிம்மதியா தூங்குவாரு, இங்க வந்து கேக்கமாட்டாரு. நான் ரங்கூன்ல இருக்கேன். மெக்கானிக் இல்ல, பயின்னவுங் மார்க்கெட்ல பருப்பு யாவாரம். அதனால டிப்ளமா படிச்சவங்க யாராச்சும் வந்து கமெண்ட்ல பாடம் எடுக்க வேணாம், என் வண்டில நடந்தத மட்டுந்தான் எழுதறேன். இன்னொன்னு, போன பதிலுக்கு கீழ ஒருத்தர் வந்து என் ழகரத்தயும் லகரத்தயும் திருத்தி விட்டுட்டு போனாரு, விஷயத்த பத்தி ஒரு வார்த்த இல்ல. சார், இங்க 1965லயே தனியார் ஸ்கூலெல்லாம் கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு, நாங்க படிச்ச தமிழ் கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் படிச்சது. அதுல இவ்ளோ வந்ததே பெருசு. சரி வுடுங்க.

என் வண்டி நிஸான் எக்ஸ்-ட்ரெயில், 2003 மாடல், ரெண்டு லிட்டர் பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக், 4டபிள்யூடி, அதாவது நாலு வீலும் இழுக்கும். ஜப்பான்ல ஓடி முடிச்சு இங்க வந்தது, இந்த ஊர்ல பாதி வண்டி அப்டித்தான். 2020ல கொரோனா வந்தப்ப மாசக்கணக்கா ஷெட்லயே நின்னுச்சு. அப்புறம் எடுத்து ஓட்ட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல ஒரு நாள் காலைல வீட்டுக்காரி கூப்புட்டா, கோலத்துக்கு நடுவுல கறுப்பா மூணு சொட்டு. தண்ணி தெளிச்சு தேச்சும் போகல, அது மேலயே மாவ போட்டா, மாவு எண்ணெய குடிச்சு மஞ்சளாயிடுச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சது.

பக்கத்துல ஒரு பர்மாக்காரர் வொர்க்‌ஷாப், சயான்னுதான் (வாத்தியார்னு அர்த்தம்) கூப்புடுவோம், நல்ல மனுசன். கீழ படுத்து டார்ச் அடிச்சு பாத்துட்டு ரைட் சைடு சீல்னாரு. மாத்துனாரு. ரெண்டு வாரம் சுத்தமா இருந்துச்சு. பெகுன்னு வெளியூருக்கு ஒரு லோடு பாக்க போயிட்டு வந்தேன், மறுநாள் திரும்ப சொட்டு. சீல் டூப்ளிகேட்டுனு சொல்லி ஜப்பான் சீல் வாங்கி மாத்துனாரு. திரும்ப பெகு போனேன், திரும்ப சொட்டு. டவுனுக்குள்ள ஓட்டுனா ஒன்னும் இல்ல. இத கவனிச்சு வெச்சுக்கோங்க, நான் அப்ப கவனிக்கல. அந்தாளு மேல கோவப்பட்டு நாலு வார்த்த பேசிட்டேன், அது இன்னிக்கும் உறுத்துது.

மொதல்ல எந்த ஆயில்னு கண்டுபிடிங்க. இதுல சோம்பல் படாதீங்க. ஷாஃப்ட் ஜாயிண்ட்ட மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சா வர்றது கிரீஸு, கெட்டியா கறுப்பா இருக்கும், வீல் சுத்தற வேகத்துல ரிம்முக்கு உள்பக்கம் சுத்தி அடிச்சிருக்கும், அதுக்கு ஆயில் சீல மாத்தி பிரயோஜனம் இல்ல. செவப்பா மெல்லிசா இருந்தா ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். ஆனா பவர் ஸ்டீரிங் ஆயிலும் நெறைய வண்டில அதே செவப்புதான், மேல ஹோஸ்ல கசிஞ்சு வழிஞ்சு வந்து ஷாஃப்ட் மேல சொட்டி நம்மள ஏமாத்தும், என் மச்சான் வண்டில அதான் நடந்துச்சு, ஸ்டீரிங் டப்பால அளவு எறங்கறத யாரும் பாக்கல. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துல அடில சொட்டுனா அது வேற சீல், வேற செலவு. என்னோட மாதிரி 4டபிள்யூடியா இருந்தா ரைட் சைடு ஷாஃப்ட் நேரா கியர் பாக்ஸுக்குள்ள போகாது, நடுவுல பின் வீலுக்கு இழுவைய பிரிச்சு அனுப்பற டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒன்னு இருக்கும், அதுக்குள்ள தனி ஆயில், பழுப்பா தடிப்பா, தீக்குச்சி ஒரசுன மாதிரி கந்தக வாட அடிக்கும். விரல்ல தொட்டு மோந்து பாருங்க. என்னோடது கந்தகம்.

அடுத்தது, கெரசின் போட்டு அந்த எடத்த பளிச்சுனு தொடச்சு காயவிட்டு, டால்கம் பவுடர தட்டி விடுங்க. வீட்டுக்காரி மூஞ்சில பூசற தனாக்காவ எடுக்காதீங்க, திட்டு விழும், வேலைக்கும் ஆவாது. ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சா வெள்ள பவுடர்ல ஈரம் எங்கேருந்து கோடு எறங்குதுன்னு தெரியும்.

எனக்கு வழி காமிச்சது பக்கத்து ஊரு சிரியத்துல ஒரு பெரியவர். நம்மாளு, பழைய ஹினோ லாரில கை பழகுனவரு, எல்லாரும் சயாஜினுதான் (பெரிய வாத்தியார்) கூப்புடுவாங்க. நான் கதையெல்லாம் சொல்லி முடிச்சதும் ஒரே கேள்வி கேட்டாரு, "தம்பி, தூரம் போனா மட்டும்தான் ஒழுகுதா?" ஆமாண்ணே. "வண்டிய அணைக்காம அப்டியே வா, சூடு ஆறக்கூடாது." போனதும் டிரான்ஸ்ஃபர் கேஸோட ஆயில் ஊத்தற பிளக்க துணிய சுத்தி மெதுவா லூஸ் பண்ணாரு, சோடா பாட்டில் தொறந்த மாதிரி புஸ்ஸுனு காத்து வந்துச்சு. திரும்பி என்ன பாத்து சிரிச்சாரு. கேஸ் மேலேருந்து ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் போவும், பிரீதர், உள்ள ஆயில் சூடாகி காத்து விரியறப்ப அது வழியா வெளிய போகணும். அந்த ஹோஸ கழட்டி கம்பி விட்டு குத்துனா காஞ்ச மண்ணு உதிருது, உள்ள ஒரு செத்த புழு. குளவி! லாக்டவுன்ல வண்டி நின்னப்போ மண் குளவி அதுக்குள்ள கூடு கட்டியிருக்கு. காத்து போக வழி இல்ல, அதனால சீலோட உதட்ட (ஷாஃப்ட ஒட்டி ஒரசற ரப்பர் விளிம்பு) தள்ளிக்கிட்டு ஆயிலோட வெளிய வருது. எத்தன புது சீல் போட்டாலும் அதுதான் நடக்கும். சயா போட்ட சீல் ரெண்டும் நல்ல சீல்தான்.

ஆனாலும் ஷாஃப்ட உருவி பாத்தோம், பாத்தது நல்லதா போச்சு. சீல் உதடு ஒரசற எடத்துல நகத்த வெச்சு குறுக்க இழுத்தா நகம் தடுக்குச்சு, இருவது வருசம் சுத்துன பள்ளம். நகம் தடுக்கலன்னா 600 நம்பர் எமரி பேப்பர்ல சுத்திவர லேசா தேச்சா போதும். தடுத்தா புது சீலும் ரொம்ப நாள் நிக்காது. எஸ்கேஎஃப்ல மெல்லிசா ஒரு ஸ்டீல் வளையம் வருது, அந்த எடத்துல மேல ஏத்தி விட்டா புது ஷாஃப்ட் மாதிரி, எனக்கு அந்த சைஸ் கெடைக்கல. சயாஜி என்ன பண்ணாருன்னா, உள்ள எடம் இருக்கான்னு பாத்துட்டு புது சீல ஒரு மில்லிமீட்டர் உள்ள தள்ளி அடிச்சாரு, உதடு பள்ளத்துல உக்காராம புது எடத்துல உக்காந்துச்சு. அதுக்கு பழைய சீல் எவ்ளோ ஆழத்துல இருந்துச்சுனு கழட்டறதுக்கு முன்னாடியே வெர்னியர்ல அளந்துடணும், கழட்டுனப்புறம் யோசிச்சா போச்சு. இன்னொன்னு, ஷாஃப்ட் உள்ள இருக்கறப்பவே மேலயும் கீழயும் ஆட்டி பாருங்க, தாராளமா ஆடுச்சுனா உள்ள பேரிங் போயிருக்கு, அதுக்கும் சீல் பலியாகும்.

நானே கழட்டி மாத்தலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. மாத்தலாம். வீல் நடுவுல இருக்கற பெரிய நட்ட மட்டும் வண்டி தரைல நிக்கறப்பவே, ஒருத்தர் பிரேக்க மிதிச்சுக்க லூஸ் பண்ணிடுங்க. எங்களுக்கு கரண்ட் எப்ப வரும் எப்ப போவும்னு இல்ல, காத்துல நட்டு கழட்டற மெஷினுக்கு கம்ப்ரஸர் ஓடல, பிரேக்கர் பார்ல (நட்டு கழட்டற நீளக் கம்பி) ஆறடி பைப்ப சொருகி ரெண்டு பேர் தொங்குனோம். அப்புறம் ஜாக்கி, அதுக்கு ஸ்டாண்டு கட்டாயம், ஜாக்கிய மட்டும் நம்பி கீழ படுக்காதீங்க, இதுல விளையாட்டு வேணாம். ஆயில வடிச்சுட்டு, நக்கிள (வீல தாங்கற இரும்பு) கழட்டி வெளிப்பக்கம் சாச்சு, ஏபிஎஸ் ஒயரயும் பிரேக் ஹோஸயும் இழுபடாம பாத்துக்கோங்க. ஷாஃப்ட்ட கைல புடிச்சு இழுக்கவே கூடாது, உள் ஜாயிண்ட் உள்ளுக்குள்ளயே கழண்டு உருளையெல்லாம் சிதறிடும். கேஸுக்கும் ஜாயிண்ட்டுக்கும் நடுவுல கடப்பாரய வெச்சு ஒரு தட்டு, அவ்ளோதான். எங்க வண்டில ரைட் சைடுல நடுவுல பேரிங் பிராக்கெட் வேற இருக்கு, அத மொதல்ல கழட்டணும். பழைய சீல நெம்பறப்ப சுத்தி இருக்கற அலுமினியத்துல கீறல் விழக்கூடாது. புது சீலுக்கு உதட்டுல கொஞ்சம் ஆயில தடவி, சீலோட விளிம்பு அளவுக்கு பைப்போ பெரிய சாக்கெட்டோ வெச்சு சுத்தி சுத்தி தட்டி எறக்குங்க, ஒரு பக்கமா அடிச்சா கோணிக்கும். ஷாஃப்ட திரும்ப சொருகறப்ப அதோட பல்லு உதட்ட கிழிச்சுடும், நெறைய பேர் புது சீல் ஒழுகுதுன்னு சொல்றது இதுனாலதான், ஒரு ஆள் கீழேருந்து தாங்கிக்கணும். முனைல இருக்கற வட்டக் கிளிப் புதுசு போடுங்க.

சீல் வாங்கறப்ப லெஃப்டும் ரைட்டும் வேற வேற. நெறைய சீல்ல சுத்தற திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி போட்டா ஆயில உள்ள தள்ளறதுக்கு பதிலா வெளிய தள்ளும். எங்க ஊர்ல இது ஒரு தனி ரோதன. கடைக்காரன் "ஞா"வா "பே"யான்னு கேப்பான், ஞானா ரைட்டு, பேனா லெஃப்டு, ஆனா எந்தப் பக்கத்துலருந்து பாத்து? சீட்ல உக்காந்து பாத்து சொல்லணும், அவன் வண்டிக்கு எதுர நின்னு பாத்து சொல்றான். ரோட்டு பக்கம்னு சொன்னா இன்னும் கொழப்பம். 1970ல இந்த நாட்ட ஒரே நாள்ல வலப்பக்கம் ஓட்ட வெச்சாங்க, ஏதோ சோசியம்னு ஒரு கத சொல்வாங்க, ஆனா வந்த வண்டியெல்லாம் ஜப்பான் வண்டி, ஸ்டீரிங் வலப்பக்கம். ஓவர்டேக் பண்ணணும்னா பக்கத்துல உக்காந்திருக்கறவரு எட்டிப் பாத்து "போ போ"ங்கணும். பழைய ஜப்பான் பஸ்ல கதவு இடப்பக்கம், எறங்கற ஜனம் நடு ரோட்டுல எறங்கும், எங்கம்மா அப்டி எறங்கி ஒரு தடவ தப்பிச்சதே பெரும் பாடு. 2017ல ஒய்பிஎஸ்னு பஸ்ஸையெல்லாம் மாத்துனப்புறம்தான் கொஞ்சம் பரவால்ல. என்னமோ சொல்ல வந்தேன், பழைய சீல கைல எடுத்துட்டு போங்க, பக்கத்துல வெச்சு பாத்து வாங்குங்க. நான் மொத தடவ எதுர்ப்பக்கத்து சீல வாங்கிட்டு வந்து திரும்ப குடுக்க போனேன்.

எத்தன நாள் ஒழுக ஒழுக ஓட்டலாம்னா, சும்மா ஈரமா இருந்தா பதறாதீங்க, சொட்டுனா வாரம் ஒரு தடவ அளவு பாருங்க. என் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அரை லிட்டர் கூட புடிக்காது, அதுல சொட்டு சொட்டா போனா சத்தம் வர்றப்ப பார்த்துக்கலாம்னு இருக்க முடியாது. மழத்தண்ணில முட்டி அளவு எறங்குனீங்கன்னா ஆயில பாத்துடுங்க, சூடான கேஸ் தண்ணில சட்டுனு குளுந்தா ஒழுகற வழியாவே தண்ணிய உள்ள உறிஞ்சிக்கும், ஆயில் பால் டீ கலருக்கு மாறியிருந்தா ஒரு நாள் கூட ஓட்டாதீங்க. உங்க வண்டி சிவிடியா (கியர் படி இல்லாத, பெல்ட்ல ஓடற ஆட்டோமேட்டிக்) இருந்தா அதுக்குன்னு எழுதியிருக்கற ஆயில் மட்டும்தான், சாதா ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் (ஏடிஎஃப்) ஊத்தி தொலச்சுடாதீங்க.

பிரீதர சுத்தம் பண்ணி அந்த ஒரு சீல் போட்டு இப்ப மூணு மழக்காலம் ஆச்சு. பெகு போயிட்டு வந்து வண்டிக்கடில அட்டைய விரிச்சு சொட்டு இருக்கான்னு பாக்கற பழக்கம் மட்டும் போகல. சயாகிட்ட போயி மன்னிப்பு கேட்டேன், டீ வாங்கி குடுத்தாரு, நான் குடுத்திருக்கணும். உங்க மெக்கானிக்கையும் இப்பவே திட்டாதீங்க, பிரீதர் எங்க இருக்குன்னு மட்டும் கேளுங்க.

எழுத மறந்துட்டேன், டிரெய்ன் பிளக்குக்கு புது வாஷர் போடுங்க, பழசயே போட்டுட்டு அதுல ஒழுகறத பாத்து நான் ஒரு ராத்திரி தூங்கல.