'பார்க்கலாம்'னு சொல்லித் தொலைச்சுட்டேன்!

வாசகர் கேள்வி – பதில்

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: மறுக்கத் தெரியவில்லை, அதனால் தூக்கம் போகிறது. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

செங்கோட்டையில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். நானும் ஒரு உதவிப் பெண்ணும்தான். ஓணம் நெருங்கினால் ஆரியங்காவு, தென்மலை பக்கத்திலிருந்து செட்டு சேலைக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை என்று குவியும். திருப்பி அனுப்ப மனசு வராது. போன வருஷம் ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்து தைத்தும் ஏழு பேருக்குக் கொடுக்க முடியவில்லை. ஒரு அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டார். மறுத்தால் வாடிக்கை போய்விடாதா?
– வாசகி, செங்கோட்டை

அந்த அம்மா எதற்காகச் சத்தம் போட்டார்? துணியை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்காததற்காக. 'முடியாது' என்ற பதில் அந்த ஏழு பேருக்கும் கிடைக்கத்தான் செய்தது. வேறு கடைக்குப் போக வழியில்லாத நாளில் கிடைத்தது, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் கைக்கு எத்தனை ஜாக்கெட் என்று தெரிய வேண்டும். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து மூன்று லைனிங் ஜாக்கெட்டுக்கு நேரம் குறியுங்கள். ஒரு பேச்சுக்கு, வெட்டும் தையலும் உங்கள் கையில் 2 மணி நேரம், ஹெம்மிங்கும் ஹூக்கும் உதவிப் பெண் கையில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சமையல், பிள்ளைகள், அளவு கொடுக்க வருகிறவர்களோடு பேச்சு எல்லாம் போக, நீங்கள் மிஷினில் உட்காருவது நாளைக்கு 6 மணி நேரம் தேறினால் பெரிது. ஆக, ஒரு நாளைக்கு 3 ஜாக்கெட்.

ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தத்திலிருந்து திருவோணம் வரை 10 நாள். அதற்கு முந்தின உத்திராடத்தன்று புதிதாக எதுவும் மிஷினில் ஏறக்கூடாது. அன்றைக்கு இஸ்திரியும் பட்டுவாடாவும் மட்டும். அந்த நாளின் அலைச்சலுக்கு மலையாளத்தில் 'உத்ராடப் பாச்சில்' என்றே பெயர். ஊர் பாயட்டும், உங்கள் கடை பாய வேண்டாம். உத்திராடமும் திருவோணமும் போக மிச்சம் 8 நாள், மொத்தம் 24 ஜாக்கெட். இதில் கால்வாசியைத் தொடாதீர்கள். கரன்ட் போகும், உதவிப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரும், 'கை பிடிக்குது' என்று குறைந்தது இரண்டு திரும்பி வரும். ஆகவே நீங்கள் வாங்க வேண்டிய எண்ணிக்கை 18.

நோட்டில் 18 கோடு முன்கூட்டியே போட்டு வையுங்கள். பட்டுப் பாவாடை சட்டை ஒரு செட் இரண்டு கோட்டை அடைக்கும். ஆறு கோடு வருஷம் முழுக்க வருகிறவர்களுக்கு. ஆடிப்பெருக்குக்குள் அவர்கள் துணி வரவில்லை என்றால் அதையும் மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம். கோடு தீர்ந்த பிறகு வருகிறவரிடம் இப்படி: "ஓணத்துக்கு இடம் முடிஞ்சுபோச்சு சேச்சி. ஓணம் கழிஞ்சு அடுத்த வெள்ளிக்கிழமைன்னா தைச்சுத் தரேன். ஓணத்துக்கே வேணும்னா இன்னைக்கே வேற கடையில கொடுத்துடுங்க."

இதைச் சொல்லும்போது துணி அவர் கையிலேயே இருக்கட்டும். பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு 'பார்க்கலாம்' என்றால் கேட்பவர் காதில் அது சம்மதம். அந்தப் பக்கத்து 'நோக்காம்' என்பதும் அதே ரகம்தான். "பற்றில்ல சேச்சி" என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

'இரட்டைக் கூலி தரேன்' என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை. கோடு காலியாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தக் கூலியை முந்தி வந்த இன்னொருவரின் நாளிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறீர்கள். ராத்திரி மூன்று மணித் தையலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்க நேரம் இருக்காது, முதல் துவைப்பிலேயே அது சுருங்கி மேல் துணியை இழுக்கும். இடது கை வலது பக்கம் ஏறிவிடும். தைக்க ஆன நேரத்தைவிடப் பிரிக்க அதிக நேரம் ஆகும்.

வீடு களியக்காவிளை, வேலை பாறசாலையில் ஓர் அரசுப் பள்ளியில். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒரு சிட்டி (நம் ஊர்ச் சீட்டுதான்) எடுத்திருக்கிறார். பணம் கைக்கு வர ஜாமீன் வேண்டுமாம், என் சம்பளச் சான்றிதழைக் கேட்கிறார். "வெறும் ஒரு பேப்பர்தானே டீச்சரே" என்கிறார். தினமும் ஸ்டாஃப் ரூமில் முகம் பார்க்க வேண்டியவர். எப்படி மறுப்பது?
– வாசகி, களியக்காவிளை

அந்தப் பேப்பரின் விலையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், மறுக்கும் தைரியம் தானாக வரும். 5 லட்சம் ரூபாய் சிட்டி, மாதம் 10,000 வீதம் 50 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பத்தாவது மாதம் எடுக்கிறார். இன்னும் 40 தவணை பாக்கி. கழிவு ஓரளவு குறைக்கும் என்றாலும், நீங்கள் கையெழுத்துப் போடுவது 4 லட்சம் வரையிலான பொறுப்புக்கு. 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி, சீட்டு எடுத்தவர் மிச்சத் தவணைகளுக்குப் போதிய ஈடு காட்ட வேண்டும். அந்த ஈட்டில் நீங்களும் ஒரு பகுதி.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. 'முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு என்னிடம் வாருங்கள்' என்று நீங்கள் சொல்ல முடியாது. தவணை நின்றால் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் வரை போகலாம். நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போதும் வங்கி இந்தப் பொறுப்பையும் சேர்த்து எடை போடலாம்.

எனவே உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மொத்தத்தையும் நானே கட்ட நேர்ந்தாலும் என் வீடு தாங்குமா? தாங்காது என்றால் அவருடைய நாணயத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நாணயமானவர்களுக்கும் உடம்புக்கு முடியாமல் போகும், வேலை மாறும்.

சொல்வதைத் தனியாகச் சொல்லுங்கள், ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் நடுவில் வேண்டாம். கேட்ட அன்றே அல்லது மறுநாளே சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆளைத் தேட வேண்டும் அல்லவா? "டீச்சரே, யாருக்கும் ஜாமீன் நிக்கறதில்லைன்னு வீட்டுல முடிவு பண்ணி வச்சிருக்கோம். எங்க அண்ணனுக்கும் அதேதான்." இதைச் சொல்வதற்கு முன் வீட்டில் நிஜமாகவே அந்த முடிவை எடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அதில் அவமானப்பட அவருக்கு எதுவும் இல்லை. உதவாமல் இருக்க மனசு கேட்கவில்லை என்றால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுங்கள்.

இன்னொன்று: 'ஜாமீன் வேண்டாம், ஒரு பிளாங்க் செக் மட்டும்' என்று பேச்சு இறங்கிவரும். அதற்கும் இதே பதில்தான். கையெழுத்துப் போட்ட செக்கில் தொகையை வேறு யாரும் நிரப்பலாம். சட்டப்படி செலுத்த வேண்டிய கடனுக்கான செக் பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் விட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: கொடுத்து முடித்த கடனுக்கான ஜாமீனை நினைத்த நேரத்தில் வாபஸ் வாங்க முடியாது. நீங்கள் கட்ட நேர்ந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடம் கேட்கவும், உடன் ஜாமீன் நின்றவர்களிடம் பங்கு கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

முடியாது என்று ஒருவழியாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதன்பின் அரை மணி நேரம் நெஞ்சு படபடக்கிறது. உடனே போன் போட்டு 'சரி, பண்ணித் தரேன்' என்று சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், கோபாலபுரம், பொள்ளாச்சி

சண்டைக்கு நிற்கும்போது சுரக்கும் அட்ரினலின்தான் இப்போதும் சுரக்கிறது. விட்டால் தானாக வடிந்துவிடும். நீங்கள் போன் போட்டுச் சம்மதிக்கும்போதும் படபடப்பு அடங்குகிறது அல்லவா, அதைத்தான் உடம்பு மருந்தாகப் பழகிக்கொண்டிருக்கிறது. சொன்ன பிறகு போனை வேறு அறையில் வைத்துவிட்டு, 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து 6 எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். அன்று முழுவதும் அந்த நபருக்கு மெசேஜ் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயத்தில் பழகுங்கள்; கடையில் "இன்னொரு கிலோ போடவா?" என்றால் "வேண்டாம்" என்பதும் கணக்குதான். படபடப்பும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நெஞ்சு வலியோ, கை வரை பரவும் இறுக்கமோ இருந்தால் அதை மனசின் கணக்கில் எழுதாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் வீடு. சாரல் ஆரம்பித்தால் ஒவ்வொரு சனி ஞாயிறும் சொந்தக்காரர்கள். சமைத்துப் போட்டே மூன்று மாதம் போகிறது. பிள்ளைக்குப் பரீட்சை என்று பொய் சொன்னேன். 'முடிஞ்சப்புறம் வாறோம்' என்கிறார்கள்.
– வாசகி, இலஞ்சி

அருவிக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் வரி இப்படித்தான் வசூலாகும்! காரணம் சொன்னதுதான் உங்கள் தவறு. எந்தக் காரணம் சொன்னாலும் அதைத் தீர்த்துவைக்க எதிராளி ஒரு வழி வைத்திருப்பார். பரீட்சை முடியும், தண்ணீர்க் கஷ்டம் என்றால் கேன் வாங்கி வருவார்கள், உடம்பு சரியில்லை என்றால் பார்க்கவே வருவார்கள்.

சாரல் தொடங்குமுன் காலண்டரை எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதின்மூன்று வார இறுதிகள் தேறும். உங்களால் மனசாரச் செய்ய முடிந்தது நாலு என்றால் நாலை வட்டம் போட்டு, யார் யாருக்கு என்று நீங்களே முந்திக்கொண்டு கூப்பிடுங்கள். அழைப்பு உங்கள் பக்கத்திலிருந்து போனால் தேதியும் உங்களுடையது. மற்ற வாரங்களுக்கு: "சித்தி, இந்த வாரம் தங்க வசதிப்படாது. குளிச்சுட்டு மத்தியானம் சாப்பிட வாங்க. ஆடி மூணாவது சனிக்கிழமை தங்குற மாதிரி வாங்க, அன்னைக்கு நானும் அருவிக்கு வாரேன்." ஏன் என்று கேட்டால் "வசதிப்படலை சித்தி" என்று அதையே இன்னொரு தடவை. மாமியார் வழிச் சொந்தத்துக்கு உங்கள் வீட்டுக்காரர்தான் போன் பேச வேண்டும்; நீங்கள் பேசினால் அது மறுப்பாக இருக்காது, குடும்பத் தகராறாகிவிடும்.

கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா குமுளிப் பக்கம், அதனால் மலையாளம் எழுதப் படிக்க வரும். அதுவே வினையாகிவிட்டது. வண்டன்மேட்டிலிருந்து வரும் போன், கடிதம், தொழிலாளர் மனு, முதலாளியின் நிலப் பத்திரம் எல்லாம் என் மேசைக்குத்தான். என் சொந்த வேலை ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது.
– வாசகர், கம்பம்

முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டியதில்லை. எது முதலில் என்று அவரையே சொல்ல வைத்தால் போதும். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் போனது. போனின் ஐந்து நிமிடத்தோடு, அதற்குப் பிறகு விட்ட வரியைத் தேடிப் பிடிக்க ஆன நேரத்தையும் எழுதுங்கள். கணக்கு வேலையில் அதுதான் பெரிய நஷ்டம்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஏலம் இல்லாத நாளில் போய்ப் பேசுங்கள். "சார், 11-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள்ள வரி கட்டுற 3பி போகணும். தப்பினா தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தா 18 சதவீத வட்டி. அந்த ரெண்டு தேதிக்கும் முந்தின மூணு நாள் மட்டும் மலையாள வேலை வேண்டாம் சார். மத்த நாள்ல மூன்றரையிலிருந்து நாலரை வரைக்கும் அதுக்குன்னே உட்காருறேன்." பண நஷ்டம் வருமென்று சொன்னால் முதலாளி காது கொடுப்பார். உங்கள் களைப்பைச் சொன்னால் டீ வாங்கிக் கொடுப்பார்.

உடன் வேலை செய்பவர்களுக்கு ஒரு தட்டு வையுங்கள், கடிதம் அதில் விழட்டும். அச்சடித்த மலையாளத்தைப் போன் கேமராவைக் காட்டியே ஓரளவு புரிந்துகொள்ளலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துக் கடிதம் மட்டும் உங்களிடம் வந்தால் போதும்.

ஆனால் நிலப் பத்திரத்தை மட்டும் எந்த நேரத்திலும் வாங்காதீர்கள். அங்கே 'ஆதாரம்' என்றால் கிரயப் பத்திரம், நாம் சொல்லும் சாட்சி அல்ல. 'கரம்' என்றால் வரி. 'கரம் அடச்ச ரசீது' கேட்டால் நிலவரி கட்டிய ரசீது. அவசரத்தில் ஒன்றை மாற்றி எழுதி, அதை நம்பி அட்வான்ஸ் கைமாறிவிட்டால் பழி உங்கள் மேல்தான் விழும். "இது வக்கீல் பார்க்க வேண்டியது சார், குமுளியிலயே ஒரு பத்திரம் எழுதுறவர்கிட்ட காட்டிடலாம்" என்று பத்திரத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.