தொண்டு நிறுவனத்தின் கணக்கைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கேள்வி: லாப நோக்கற்ற அமைப்பு என்கிறார்கள். ஆனால் சம்பளம் வாங்குகிறார்கள், வங்கியில் பெரிய இருப்பும் வைத்திருக்கிறார்கள். இது எப்படி? ஓர் அமைப்பைப் பற்றி நாமே விசாரித்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஒரு தொண்டு அமைப்பில் ஆறு வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. லாப நோக்கற்றது என்றால் வருடக் கடைசியில் கையில் காசு மிஞ்சக் கூடாது என்று அர்த்தமில்லை. மிஞ்சலாம், மிஞ்சவும் வேண்டும். மிஞ்சியதை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். கம்பெனிக்குப் பங்குதாரர்கள் இருப்பார்கள். இங்கே லாபத்தில் பங்கு என்ற ஒன்றே கிடையாது. அறங்காவலர்கள் காவலுக்குத்தான், சொந்தக்காரர்கள் அல்ல. வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் இதற்கும் எந்த முரண்பாடும் இல்லை.

இருப்பு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிணறு வெட்ட என்று வந்த பணத்தில் கிணறுதான் வெட்ட வேண்டும். அதை எடுத்து கரண்ட் பில் கட்டினால் தப்பு. வங்கிக் கணக்கில் பணம் நிறைந்து கிடக்கும்போதே நான்கு பேர் சம்பளத்துக்கு வழியில்லாமல் நாங்கள் கையைப் பிசைந்த மாதங்கள் உண்டு. அதனால் மொத்த இருப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு கட்டுப்பட்ட நிதி, எவ்வளவு பொது நிதி என்று பேலன்ஸ் ஷீட்டில் பிரித்திருப்பார்கள். அதைப் பாருங்கள்.

"நீங்கள் தருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு நேராக மக்களுக்கு" என்ற விளம்பர வரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொண்ணூறு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். எங்கள் ஜீப் டிரைவர் காலையில் களப்பணியாளர்களைக் கூட்டிப் போவார், மத்தியானம் என்னை வங்கியில் இறக்கிவிடுவார். அவர் சம்பளத்தில் எத்தனை பங்கு திட்டச் செலவு, எத்தனை பங்கு நிர்வாகச் செலவு? நான் எண்பது, இருபது என்று எழுதினேன். தொண்ணூற்றைந்து, ஐந்து என்று எழுதியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி நாற்பது வரிகளைக் கூட்டினால் வருவதுதான் அந்த அழகான சதவீதம். தானமாக வந்த மருந்துகளுக்கு அதிக விலை போட்டுத் திட்டச் செலவைப் பெருக்கிக் காட்டுவது வேறு கதை. நிர்வாகச் செலவை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று மதிப்பீட்டு அமைப்புகளே 2013-ல் நன்கொடையாளர்களுக்குத் திறந்த கடிதம் எழுதின. அப்படியும் நம் ஆட்கள் முதலில் கேட்பது சதவீதத்தைத்தான்.

சரி, கணக்கு எங்கே கிடைக்கும்? அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் படிவம் 990 பொது ஆவணம். புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஏழாம் பகுதியில் நிர்வாகிகளின் பெயரும் ஊதியமும் இருக்கும். தேவாலயங்கள் இதைத் தரத் தேவையில்லை; சிறிய அமைப்புகள் ஓர் அஞ்சலட்டை அளவுத் தகவல் தந்தால் போதும். பொதுவெளிக்கு வரும் பிரதியில் நன்கொடையாளர் பெயர்கள் இருக்காது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: தனியார் அறக்கட்டளைகள் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். வாங்கியவர் சொல்லாததைக் கொடுத்தவர் கணக்கில் தேடலாம். இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்புகளுக்கு சாரிட்டி கமிஷன் என்ற கண்காணிப்பு அமைப்பின் பதிவேடு இருக்கிறது. கணக்கைத் தாமதமாகத் தந்திருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். இந்தியாவில் மத்திய அரசின் என்ஜிஓ தர்பண் தளத்தில் அடிப்படை விவரம் கிடைக்கும், ஆனால் அது அமைப்புகள் தாமே பதிந்தது. 12ஏ, 80ஜி என்று அமைப்புகள் காட்டுவதெல்லாம் வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள். நல்லவர் என்று தரும் சான்றிதழாக நினைத்துவிட வேண்டாம்.

கணக்கு கைக்கு வந்ததும் பளபள ஆண்டறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, தணிக்கை அறிக்கையின் கடைசிக் குறிப்புகளுக்குப் போங்கள். அங்கே 'தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்' என்று ஒரு குறிப்பு இருக்கும். ஒருமுறை நண்பருக்காக ஓர் அமைப்பின் கணக்கைப் புரட்டினேன். முதல் முப்பது பக்கம் சிரிக்கும் குழந்தைகள். கடைசிக்கு முந்தின பக்கத்தில், பொடி எழுத்தில், அலுவலக வாடகை ஒரு அறங்காவலரின் மனைவிக்குப் போவதாக இரண்டு வரி. அதுவே குற்றம் என்று சொல்ல மாட்டேன், குறைந்த வாடகைக்குக்கூடக் கொடுத்திருக்கலாம். வாடகையை யார் நிர்ணயித்தார்கள், முடிவெடுத்த கூட்டத்தில் அந்த அறங்காவலர் இருந்தாரா என்று மின்னஞ்சல் போட்டேன். மூன்று வாரம் கழித்து, பதிலுக்குப் பதிலாக இன்னொரு புகைப்பட ஆல்பம் வந்தது. நண்பர் பணத்தை வேறு இடத்துக்குக் கொடுத்தார்.

ஒரே வருடக் கணக்கு போதாது, மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடிட்டர் அடிக்கடி மாறுகிறாரா, வருமானம் ஒரே ஒரு கொடையாளரை நம்பி நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அப்புறம் நேரில் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "போன வருடம் எந்தத் திட்டத்தை நிறுத்தினீர்கள், ஏன்?" பலர் வெற்றிக் கதைக்குத் தாவிவிடுவார்கள். ஒரு சின்ன அமைப்பின் செயலாளர் அம்மா மட்டும், "தையல் வகுப்பு. மெஷின் வாங்கிவிட்டோம், யாரும் வரவில்லை. நேரம் ஒத்துவருமா என்று அவர்களிடம் கேட்கவே இல்லை சார்" என்று சொல்லிவிட்டு, சும்மா கிடந்த மெஷின்களைக் காட்ட உள்ளே கூட்டிப் போனார்.